காதும் கணக்கும்

போச்சம்பள்ளி,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய குரல்பதிவை முழுக்கக் கேட்டேன். உன் அப்பனுக்கு இன்னும் போட்டுக் காட்டவில்லை. அவன் மைக்செட்டையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு மத்தூர் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கிறான். வந்ததும் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். பதிலைப் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதில் சில எண்களும் நடைமுறைகளும் வருகின்றன. அவை உன் கையில் எழுத்தாக இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

மூன்று குறை சொன்னாய். பெங்களூர் டப்பிங் ஸ்டுடியோவில் ஐந்து மாதமாகக் காசு பாக்கி. படம் வெளிவந்தபோது டைட்டிலில் உன் பெயர் இல்லை. வேலை நன்றாக இருந்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை, ஒரு வசனம் மங்கினால் மட்டும் நடுராத்திரியில் போன் வருகிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "பேசாமல் ஊருக்கு வந்து சிப்காட்டில் சேர்ந்துவிடட்டுமா பெரியப்பா" என்று கேட்டாய்.

சிப்காட் வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. 2021இல் ஓலா நிறுவனம் இங்குள்ள ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று அறிவித்தபோது நம் பக்கத்துப் பெண்கள் எவ்வளவு ஆசையாக விண்ணப்பம் போட்டார்கள் என்பது உனக்கே தெரியும். இந்தப் பகுதியின் ஆலைகளில் ஷிப்ட் போகிற பெண்கள் எத்தனையோ பேர் அப்பா வாங்கிய கடனை அடைத்திருக்கிறார்கள், தம்பியைப் படிக்க வைத்திருக்கிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வாசலில் கம்பெனி பஸ். சத்தத் தொழிலில் இந்த நான்கும் அபூர்வம். ஆகவே அந்த வேலை உனக்குப் பிடித்து வந்தால் வா. இப்போது நீ கேட்பது பிடித்துக் கேட்பதாகத் தெரியவில்லை. உறக்கம் கெட்டவள் கேட்கிற கேள்வி அது. உன் பதிவில் வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. அந்த நிலையில் எந்த முடிவும் எடுக்காதே. பாக்கியை வாங்கு, நான்கு நாள் தூங்கு, பிறகு பேசலாம். அதுவரை யோசிக்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.

உன் மூன்றாவது குறையிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அது மாறப்போவதே இல்லை.

சித்திரை, வைகாசியில் நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது நீ சின்ன வயதிலிருந்தே மிக்சர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். விடிய விடிய ஆடுகிற வேஷக்காரர் ஒரு மைக் முன்னால் நிற்பவர் அல்ல. கிரீடமும் புஜகட்டையுமாகக் களம் முழுக்கச் சுழல்வார். ஒரு பக்கம் முகவீணை கிழிக்கும், இன்னொரு பக்கம் மிருதங்கம். தொங்கவிட்ட மைக்கைத் தாராளமாகத் திறந்தால் ஊளையிடும். இறக்கினால் வசனம் போய்விடும். ஃபேடரில் விரலை வைத்துக்கொண்டு, வேஷக்காரர் எங்கே மூச்செடுக்கிறார், எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று அவர் திரும்புவதற்கு முன்பே தெரிந்து ஏற்றி இறக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்த ராத்திரியில், கடைசி வரிசையில் சாக்கு விரித்துப் படுத்திருக்கிற கிழவிக்குப் பாஞ்சாலியின் சபதம் சொல் சொல்லாக விளங்கும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேஷக்காரரைப் புகழ்வாள். மைக்செட்காரன் நினைவே அவளுக்கு வராது. வரவும் கூடாது. அவள் நம்மை நினைக்கிறாள் என்றால் எங்கோ கூவியிருக்கிறது என்று பொருள்.

இது நம்மைப் போன்ற சிறிய ஆட்களுக்கு மட்டும் நடப்பதல்ல. எச். ஸ்ரீதர் என்ற பெயரை உனக்குப் படிப்பில் சொல்லியிருப்பார்கள். மகாநதி, தில் சே, லகான், கன்னத்தில் முத்தமிட்டால் ஆகிய படங்களின் ஒலிக்காகத் தேசிய விருது பெற்றவர். சிலவற்றை உடன் உழைத்தவர்களோடு பகிர்ந்துகொண்டார். ஏ.ஆர். ரகுமானின் பாடல்கள் நம் காதில் விழுந்த விதத்தில் அவருடைய கை பெரியது. 2008 டிசம்பர் 1 அன்று மாரடைப்பில் போனார், ஐம்பதை ஒட்டிய வயதில். மூன்று மாதம் நிறையும் முன்பே ரகுமான் ஆஸ்கர் மேடை ஏறியபோது நாடே பார்த்தது. இன்று நம் சந்தையில் நின்று அந்தப் பாட்டுகளில் ஒன்றை முணுமுணுத்தால் ஆடு விற்க வந்தவர் அடுத்த வரியைப் பாடுவார். ஸ்ரீதர் யார் என்று கேட்டால் எந்த ஊர் ஸ்ரீதர் என்பார். இதில் அந்த மனிதருக்கு அவமானம் எதுவும் இல்லை. அவர் செய்த வேலையின் குணம் அது.

அதே ஆஸ்கர் இரவில் விருது வாங்கிய ரசூல் பூக்குட்டியின் கதையையும் பார். கொல்லம் மாவட்டத்தில் விளக்குப்பாறை என்ற கிராமம். மின்சாரம் வராத காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர். புனே திரைப்படக் கல்லூரிக்குப் போய், ஸ்லம்டாக் மில்லியனர் படத்துக்காக 2009இல் உலகத்தின் பெரிய விருதை இருவரோடு பகிர்ந்து வாங்கினார். அதற்குப் பிறகு வேலை கொட்டும் என்றுதானே நினைப்போம்? ஆஸ்கர் வாங்கியபின் இந்திப் படங்களில் எனக்கு வேலை தர ஆளில்லாமல் போனது, உடைந்து போகிற நிலைக்கு வந்துவிட்டேன் என்று 2020இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு அறிவித்த தேசிய விருதுகளில் பார்த்திபனின் ஒத்த செருப்பு படத்துக்காக அவர் பெயர் மறுபடி வந்தது. அந்தப் படத்தில் திரையில் ஒரே ஒரு முகம்தான். மற்ற எல்லாரும் குரல்களாக மட்டுமே வருகிறார்கள். ஒலி தவறினால் படமே இல்லை. உச்சிக்குப் போனவருக்கே இப்படி இறக்கமும் ஏற்றமும் இருந்திருக்கிறது என்றால், இரண்டாம் வருஷத்தில் இருக்கிற நீ ஒரு கெட்ட ஐந்து மாதத்தை வைத்து உன் திறமையை எடைபோடலாமா?

பாராட்டு வெளியிலிருந்து வராத தொழில் என்று ஆகிவிட்டபின், நன்றாகச் செய்தோமா இல்லையா என்பதை நாமே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். காசு வந்ததா என்பதையும். காது சரியாக இருக்கிறதா என்பதையும். வேறு எவனும் உனக்காக இந்தக் கணக்கை வைக்க மாட்டான்.

காசைப் பற்றி எழுதுகிறேன். நீ அந்த ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு இருக்கிறாயா, படத்துக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறாயா என்பது உன் பதிவிலிருந்து எனக்கு விளங்கவில்லை. உனக்கும் விளங்கவில்லை என்றுதான் சந்தேகப்படுகிறேன். அதுதான் இந்தத் தொழிலில் முதல் ஓட்டை. "நம்ம பொண்ணு, பார்த்துக்கலாம்" என்று வாயால் சொல்வார்கள். வாயால் சொன்னதற்கு வட்டி கிடையாது, சாட்சியும் கிடையாது. இனி ஒரு வேலையை எடுக்கும் முன்பு, எத்தனை ரீல், எத்தனை மொழி, எத்தனை முறை திருத்தம், என்ன தொகை, எந்தத் தேதியில், டைட்டிலில் பெயர் எந்த இடத்தில் என்று ஒரு மின்னஞ்சலாவது எழுது. அவர்கள் 'ஓகே' என்று ஒரு சொல் பதில் போட்டால் போதும். பெயர் விடுபட்ட உன் இரண்டாவது குறைக்கும் மருந்து அங்கேதான் இருக்கிறது. படம் முடிந்தபின் பெயருக்காகச் சண்டை போட்டு வென்றவர்கள் குறைவு. தொடங்கும்போது எழுதி வாங்கியவர்கள் நிறைய.

ஃப்ரீலான்சாக வேலை செய்வதாக இருந்தால் 'உத்யம்' பதிவு செய்துகொள். காசு செலவில்லை, ஆதாரும் பானும் இருந்தால் போதும். சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டம் என்று 2006இல் வந்தது. பதிவு செய்த சிறு தொழில்காரருக்கு, எவ்வளவு பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. சாமான் விற்கிறவனுக்கு மட்டுமே இது என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சேவைக்கும் உண்டு. அரசின் இணையதளம் வழியாகப் புகார் போடலாம். எடுத்த எடுப்பில் புகார் போடச் சொல்லவில்லை. இந்தச் சட்டத்தின் பெயரை இன்வாய்ஸின் அடியில் ஒரு வரியாகப் போட்டுப் பார். பல இடங்களில் அதுவே வேலை செய்கிறது. வரி பிடித்துக்கொண்டு கொடுத்தால் அதற்கான சான்று வாங்கு. வருஷம் முடிந்ததும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் உன் வருமானத்துக்கு அந்தப் பணம் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். எத்தனை பிள்ளைகள் அதை அரசாங்கத்திடமே விட்டுவிட்டு வருகிறார்கள் தெரியுமா!

இன்னொன்றும் தெரிந்துகொள். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையை உறுதி செய்தார்கள். ஒலிப்பொறியாளருக்கு அதில் பங்கு இல்லை. நீ கலந்து கொடுத்த பாட்டு ஐம்பது வருஷம் ஒலித்தாலும் உனக்கு ஒரே கூலிதான். இது நியாயமா என்று நாளெல்லாம் பேசலாம், எனக்கும் வருத்தம் உண்டு. இப்போதைக்கு நிலைமை இதுதான். அதனால் பின்னால் வரும் என்று நம்பி எதையும் குறைத்துச் செய்யாதே. முன்பணம் இல்லாத வேலையைத் தொடாதே. கடைசித் தவணை வரும் முன்பு இறுதி மிக்ஸ் கோப்பைக் கைமாற்றாதே.

வேலையில்லாத மாதங்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போடு. உன் அப்பனுக்கு மாதாமாதம் வருமானம் கிடையாது. தையில் கல்யாணம், எருது விடும் விழா. பங்குனி முதல் வைகாசி வரை திருவிழா. ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதில் ஓடிவிடும். புரட்டாசியில் காய்ந்துபோகும். தேர்தல் வருஷம் என்றால் தனிக் கணக்கு. அவன் அதை அறிந்தே பிழைக்கிறான். 2020இலும் 2021இலும் கொரோனா வந்து இரண்டு கோடைத் திருவிழாக்களையும் அடியோடு கொண்டுபோனபோது பாக்ஸ்களுக்கு மேல் படுதாவைப் போர்த்திவிட்டு மாங்காய் லோடு ஏற்றப் போனானே, அப்போது நீ டிப்ளமா படித்துக்கொண்டிருந்தாய். உன் கட்டணம் ஒரு தவணைகூடத் தவறவில்லை. அவன் கையில் எப்போதும் ஆறு மாதச் செலவு தனியாக இருக்கும். பெங்களூரில் இருக்கிற உனக்கு ஆறு மாதம் முடியாது. மூன்று மாதமாவது சேர்.

இனி காது. இதை நீ அலட்சியமாகப் படிக்கக் கூடாது.

குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் உட்கார்ந்து வளர்ந்த என் தலைமுறை மைக்செட்காரர்கள் பேசுவதைக் கவனித்திருக்கிறாயா? எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். காது போனது அவர்களுக்கே தெரியாது, ஏனென்றால் அது வலிக்காமல் போகிறது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். 'ஸ்', 'ஷ்' போன்ற கூர்மையான ஒலிகள் அந்தப் பக்கத்திலும் அதற்கு மேலேயும்தான் இருக்கின்றன. அங்கே காது மழுங்கினவன் மிக்ஸ் செய்தால், தனக்குக் கேட்க வேண்டும் என்று அந்தப் பகுதியையே தூக்கித் தூக்கி வைப்பான். கேட்கிற ஜனங்களுக்குக் காது கிழியும். நம்முடைய தொழிற்சாலை விதிகள் 90 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை அனுமதிக்கின்றன. அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனம் இன்னும் கறாராக 85 என்கிறது. அதற்குமேல் மூன்று மூன்று டெசிபலாக ஏற ஏற நேரம் பாதிப் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் நான்கு மணி. 91 என்றால் இரண்டு. 100 டெசிபலில் கால்மணி நேரம்தான். கோயில் திருவிழாவில் பாக்ஸ் முன்னால் ஆடுகிற பிள்ளைகள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று யோசித்துப் பார்.

சின்ன அறையில் 75 முதல் 80க்குள் வைத்து மிக்ஸ் செய். மணிக்கு ஒரு முறை எழுந்து வெளியே போ. இயக்குநர் வந்து "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்றால் அவர் இருக்கும்வரை ஏற்று, போனதும் பழைய குறிக்கு இறக்கு. அந்தக் குறியை டேப் ஒட்டி வைத்துக்கொள். வருஷத்துக்கு ஒரு முறை ஆடியோகிராம் எடுத்துத் தேதியோடு கோப்பில் வை. ஓசூரிலேயே எடுக்கலாம், ஒரு ஹெட்ஃபோன் கேபிள் விலைகூட ஆகாது. ஹெட்ஃபோனோடு தூங்கிப்போகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடு. சமையல்காரருக்கு நாக்கு எப்படியோ அப்படி உனக்குக் காது. அது போனபின் அனுபவத்தை வைத்து ஓட்ட முடியாது.

வீட்டுக்கு வரும்போது உன் அப்பனிடமும் சொல். நான் சொன்னால் கேட்பதில்லை. ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதி, 2005இல் உச்ச நீதிமன்றமும் கறாராகச் சொன்னது. திருவிழாவுக்கு நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம், அதுவும் வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மேல் இல்லை. விடிய விடியக் கூத்து நடக்கிற ஊரில் இதை எப்படிப் பின்பற்றுவது என்பது சங்கடமான கேள்விதான். என் எண்ணம் இது: குழாயை நாலாபக்கமும் ஊர் முழுக்கக் கட்டுவதை விட்டுவிட்டு, களத்தைச் சுற்றி மட்டும் சின்ன பாக்ஸ்களை வைத்தால் கூத்தும் நடக்கும், தூங்குகிறவனும் தூங்குவான். அதற்கு டிலே கணக்கு வேண்டும். நூறு அடி தள்ளி வைக்கிற பாக்ஸுக்குச் சத்தத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தாமதப்படுத்தாவிட்டால் சொல் இரண்டிரண்டாகக் கேட்கும். உன் அப்பனுக்கு அனுபவம் இருக்கிறது, இந்தக் கணக்கு வராது. உனக்கு வரும். பெங்களூரில் கற்றது ஊருக்கு ஆகாது என்று நீ நினைத்தால் தவறு.

நீ கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். உன்னுடன் வேலை செய்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் ஏறும்? நம் எல்லையில் பிறந்ததால் இது உனக்குச் சும்மா வந்தது. நம் தெருவில் பாதி வீட்டில் தெலுங்கு, ஓசூர் தாண்டினால் கன்னடம், சந்தையில் உருது. இதை ஒரு தகுதியாகவே நாம் எண்ணுவதில்லை. 1944இல் ஏ.வி.எம். தன் கன்னட ஹரிச்சந்திராவைத் தமிழில் டப்பிங் செய்து வெளியிட்டார். இந்தியாவில் டப்பிங் செய்த முதல் படம் அது என்பார்கள். பிறகு கர்நாடகத்தில் பல பத்தாண்டுகள் பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் டப் செய்வதற்குத் திரைத் துறையே தடை போட்டிருந்தது. 2015இல் இந்தியப் போட்டி ஆணையம் அந்தத் தடை தவறு என்று சொல்லி அபராதம் விதித்தது. இன்னொரு திசையில் 2018இல் கே.ஜி.எஃப்., 2022இல் காந்தாரா என்று கன்னடப் படங்கள் எல்லா மொழிகளிலும் போயின. இரண்டு பக்கமும் கதவு திறந்த பிறகு நீ இந்த வேலைக்கு வந்திருக்கிறாய்.

கன்னட நடிகர் நெருக்கக் காட்சியில் 'ஹாலு' என்கிறார். தமிழில் 'பால்' என்று வைத்தால் உதடு மூட வேண்டிய இடத்தில் அவர் வாய் திறந்திருக்கிறது. நம்முடைய 'ப' அங்கே 'ஹ' ஆகிவிடுவதால் இந்தச் சிக்கல் ஒவ்வொரு பக்கத்திலும் வரும். மொழி தெரியாத பொறியாளர் அதைக் கண்டுகொள்ள மாட்டார், கேட்டால் டப்பிங் கலைஞர் மேல் பழி போடுவார். உனக்கு அந்த நிமிஷமே உறுத்தும். நீ வசனகர்த்தாவைக் கூப்பிட்டு வேறு சொல் கேட்கலாம், அல்லது இரண்டு ஃபிரேம் தள்ளி வைக்கலாம். போன தீபாவளிக்கு வந்தபோது அப்படி ஒரு காட்சியை எனக்குப் போட்டுக் காட்டினாய். "பெரியப்பா, இவர் தமிழ்லயே பேசின மாதிரி இருக்குதா" என்று நீ கேட்டபோது உன் முகத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் இவள் இந்தத் தொழிலுக்குப் பிறந்தவள் என்று உன் அப்பனிடம் சொன்னேன். இந்த வேலையின் ஏற்றம் என்று எதைச் சொல்வாய் என்று யாராவது என்னைக் கேட்டால் விருதைச் சொல்ல மாட்டேன், அந்த உறுத்தல் தீர்கிற நிமிஷத்தைத்தான் சொல்வேன்.

கணினியே எல்லாம் செய்துவிடும் என்று பயந்தாய். இரைச்சல் நீக்குவது, பாட்டிலிருந்து குரலைப் பிரிப்பது இவையெல்லாம் இன்று ஒரு பொத்தானில் வந்துவிட்டன, மறுக்கவில்லை. 2024இல் லால் சலாம் படத்தில் மறைந்துபோன பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் குடும்பத்தாரின் அனுமதியோடு ரகுமான் செயற்கை நுண்ணறிவால் பாட வைத்தார். வெறும் சுத்தம் செய்கிற வேலையை நம்பி இருப்பவர்களுக்குக் கஷ்டம் வரும். எது சுத்தம், எது உயிர் என்று முடிவு செய்கிறவர்களுக்கு வேலை இருக்கும் என்றே எண்ணுகிறேன். முகவீணையின் கிறீச்சை இரைச்சல் என்று நினைத்து நீக்கிவிட்டால் கூத்து எங்கே இருக்கும்?

ஊருக்கு வருவதானால் வேறொரு வழியும் இருக்கிறது, அதையும் யோசி. ஆலை என்றதும் நீ திருகு முடுக்கும் வரிசையை மட்டும் நினைக்கிறாய். வண்டி செய்கிற இடங்களில் சத்தத்துக்கும் அதிர்வுக்கும் என்றே தனிப் பிரிவு உண்டு, என்.வி.எச். என்பார்கள். ஓசூர் பக்கம் இத்தனை வாகன ஆலைகளும் உதிரிபாகக் கம்பெனிகளும் இருக்கின்றன. மின்சார வண்டி வந்தபிறகு அந்த வேலை நுணுக்கமாகிவிட்டது. எஞ்சின் சத்தம் போனதும் அதற்கடியில் ஒளிந்திருந்த மோட்டார் முனகலும் பெல்ட் கிறீச்சும் வெளியே வந்துவிட்டன. வண்டி சத்தமே இல்லாமல் வந்தால் நடக்கிறவனுக்கு ஆபத்து என்று ஐரோப்பாவில் 2019 ஜூலை முதல் புதிய ரக மின்சாரக் கார்கள் மெதுவாக ஓடும்போது செயற்கை ஒலி எழுப்ப வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அந்த ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும்தானே? உன்னிடம் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா இருக்கிறது, ஸ்டுடியோக் காது இருக்கிறது. இரண்டும் சேர்ந்த ஆள் சுலபமாகக் கிடைப்பதில்லை. மாதச் சம்பளமும் சத்தமும் ஒரே இடத்தில் கிடைக்கக்கூடிய வழி இது. அளக்கிற மைக், அதிர்வு மானி, எஃப்.எஃப்.டி. இவற்றைப் பற்றி இப்போதே படிக்கத் தொடங்கு. அந்த வேலைக்கு மனு போட்டால் நான் மனதாரச் சம்மதிப்பேன்.

அப்பாவின் மைக்செட்டை நீ எடுத்து நடத்துவது பற்றியும் உன் அம்மா கேட்கச் சொன்னாள். பெண் பிள்ளை சாரம் ஏறுவதா என்று ஊரில் நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும். மேடையில் பாடுகிற பெண்களுக்கும் பட்டிமன்றத்தில் பேசுகிற பெண்களுக்கும் சேலையில் காலர் மைக் குத்துவதற்கு ஆண் பிள்ளைகள் தயங்கி நிற்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீ வந்தால் அவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். வந்தால் ஒன்றை மட்டும் விடாதே: ஜெனரேட்டரில் முதலில் நியூட்ரலைச் சோதி, பிறகு எர்த்தைச் சோதி, அதன் பிறகுதான் ஆம்ப்ளிஃபயர். மூன்று ஃபேஸில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறும். ஆம்ப்ளிஃபயர் எரிந்தால் வாங்கிக்கொள்ளலாம். எர்த் இல்லாத மேடையில் ஈரக் கையோடு மைக் பிடிக்கிறவரின் உயிரை யார் வாங்கித் தருவது? கமிட்டிக்காரர் அவசரப்படுத்தினாலும் மீட்டர் வைக்காமல் சுவிட்ச் போடாதே.

எனக்குத் தோன்றுகிற வழியைச் சொல்லி முடிக்கிறேன். இந்த ஸ்டுடியோவை விட்டு வா. சத்தத்தை விடாதே. நாளைக் காலை இன்வாய்ஸ் எழுதி, முடித்த வேலைகளைத் தேதியோடு வரிசையாகப் போட்டு, பதினைந்து நாள் கெடு கொடுத்து மின்னஞ்சலில் அனுப்பு. கோபமான சொல் ஒன்றுகூட வேண்டாம். அந்த முதலாளியும் யாரிடமோ பாக்கிக்கு நிற்பவராக இருக்கலாம்; அது அவர் பாடு, உன் கூலி உன் உரிமை. கெடுவுக்குள் நீ செய்த வேலைகளின் சின்னச் சின்னத் துண்டுகளை, வெளியிட அனுமதி உள்ளவற்றை மட்டும், ஒரு தொகுப்பாக்கி மூன்று நல்ல டப்பிங் கூடங்களுக்கு அனுப்பு. மூன்று மொழி தெரியும் என்பதை முதல் வரியிலேயே எழுது. பதில் வரும்வரை பங்குனித் திருவிழாவுக்கு இங்கே வந்து அப்பனோடு நில். அவனுக்கு ஆள் தட்டுப்பாடு, கூலியும் அன்றைக்கே தருவான். பெரியம்மா உனக்காக ராகி மாவு திரித்து வைத்திருக்கிறாள்.

இன்வாய்ஸை அனுப்பும் முன்பு எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நகல் போடு. தேதியும் 45 நாள் வரியும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா